எலிக்காய்ச்சலும் பக்கத்துப் படுக்கையின் பாஸ்போர்ட்டும்

பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தவரைப் பற்றிக் காவல் நிலையம் அனுப்பும் அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அவர் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பது. அவர் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காரணத்துக்காகப் படுத்திருந்தார் என்பது அல்ல. விதி இவ்வளவுதான். நான் தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை யார் எழுதுகிறார்கள், பிறகு அவை எந்த அலமாரியில் தூங்குகின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்த ஒரு விதி தெரிந்திருந்தால், பக்கத்துப் படுக்கைக்கு வந்தவன் காலையிலேயே வந்திருப்பான். அவன் வந்தது சாயங்காலம்.

என் நோயையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே எனக்கு என்ன வேலை?

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்து சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத் தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட ஆள் தேடினால், ஆட்கள் எல்லோரும் சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருந்தார்கள். நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குதிகாலில் பித்த வெடிப்பு இருந்தது. கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு முறுக்குவதுபோல வலி. கண் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளானது.

மஞ்சள் என்றதும் என் மனைவி சரோஜா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். குடித்தேன். மறுநாள் மூத்திரம் கறுத்து, அதற்கு மறுநாள் அநேகமாக நின்றே போனது. வாடகைக் காரில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன் பெயர் எதற்கு? பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே மாதிரிதான். பெனாயில் வாசனை, நகராத வரிசை, படுக்கைக்குக் கீழே படுத்திருக்கும் உறவினர்கள்.

மஞ்சள் கண்ணோடு ஆண்கள் வார்டில் படுத்திருக்கும் மனிதனிடம் உலகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது. சீட்டு எழுதுகிறவர் கேட்டார், "குடிப்பீங்களா?" ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பைப் புதிதாக மாட்டிய மாணவர்கள் கூட்டமாக வந்து, வயிற்றை அமுக்கி, ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் கேட்டவர் முகத்தில் ஒரு பொறுமையான புன்னகை வந்து போயிற்று. இந்தக் கையால் காப்பியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும் என்று நம்பியிருந்தேன். என் மைத்துனன் பார்க்க வந்தான். சாத்துக்குடியைக் கட்டிலில் வைத்துவிட்டு, என் காதருகே குனிந்தான்.

"அத்தான், அக்கா வெளிய போயிருக்கு. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகலைன்னு கொஞ்சம் கொஞ்சமா…"

"போடா."

"கோவிச்சுக்காதீங்க. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

கடைசியில் வார்டு டாக்டர் வந்தார். சின்னப் பெண், மங்கையர்க்கரசி என்று பெயர், எல்லோருக்கும் மங்கை டாக்டர். என் கெண்டைக்காலை அழுத்தினார். நான் கத்தியதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "தண்ணில நின்னீங்களா? எங்க? கால்ல வெடிப்பு இருந்துச்சா?" என்று கேட்டார். பிறகு அதே குரலில், "குடிக்கிறதுண்டா? உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்ல. ரெண்டுக்கும் மருந்து வேற வேற, அவ்வளவுதான்" என்றார்.

"இல்லை."

"சரி" என்று எழுதிக்கொண்டார். அந்த வார்டில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்.

எலிக்காய்ச்சல் என்றார். வயல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் ஒரு கிருமி இருக்கும்; வெடிப்பு வழியாக உடம்புக்குள் ஏறி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும். கல்லீரல் தடுமாறினால் ஒரு மஞ்சள் சாயம் ரத்தத்தில் தங்கும். கண் மஞ்சளாவது அதனால். சிறுநீரகம் தடுமாறினால் கழிவு ரத்தத்தில் ஏறும். அதன் அளவுக்குப் பெயர் கிரியாட்டினின். அது ஏறினால் கவலை, இறங்கினால் காப்பி. எனக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள், ஒரு பிளாஸ்டிக் குடுவையில் மூத்திரத்தைப் பிடித்து அளந்தார்கள். அரசாங்கத்தில் என் வெளியீட்டை யாரும் இவ்வளவு கவனமாகக் கணக்கெடுத்ததில்லை. நோயை உறுதிசெய்ய ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு, நான் குணமாகி வீடு திரும்பிய பிறகு வந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

முதல் நாட்களில் பயந்தேன். சிறுநீரகம் ஒத்துழைக்காவிட்டால் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். சரோஜா குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் காலை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். ஒரு நாள் குடுவையில் பாதிக்கு மேல் ஏறியது. அவள் வராந்தாவுக்குப் போய் மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் எல்லோரும் வாசலிலிருந்து என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

அந்தச் சாயங்காலம்தான் பக்கத்துப் படுக்கைக்கு ஆள் வந்தான்.

தூக்கி வந்தவர்கள் நாலைந்து பேர். படுக்கையில் கிடத்தியதும் ஒருவனைத் தவிர எல்லோரும் மறைந்தார்கள். நின்றவன் பெயர் ஜாகிர். கிடந்தவன் பாலமுருகன். இருவரும் ஒரே பள்ளியில் பிளஸ் டூ. பாலமுருகனின் அப்பா சவூதியில் இருந்தார். பரீட்சை முடிவதற்கு முன்பே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வயது பதினெட்டு ஆகும் அன்றைக்குக் கையில் புத்தகம் இருக்க வேண்டும். மார்க் ஷீட்டுக்காகக் கூட அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

பையனின் தலை நனைந்திருந்தது. உதடு நீலம். மூச்சு, அடைத்த வாய்க்காலில் தண்ணீர் போவதுபோலக் களகளத்தது.

"என்ன ஆச்சு?" என்றார் பணியில் இருந்தவர்.

"பரோட்டா சால்னா ஒத்துக்கலை சார்."

"வாடை அடிக்குது, பரோட்டாங்கிறே. குடிச்சானா? கஞ்சாவா? போலீஸ வரச் சொல்லவா?"

"பரோட்டாதான் சார்."

மங்கை டாக்டர் வந்து பையனின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார், மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், மூச்சுக்குக் குழாய் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். பிறகு ஜாகிரிடம் திரும்பினார்.

"தம்பி, இவன் வெறும் சாராயத்துல இப்படிக் கிடக்கலை. கூட ஏதோ மாத்திரை. என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாத்தான் நான் என்ன பண்றதுன்னு தெரியும். யார் வாங்கினா, யார் குடுத்தா எதுவும் வேண்டாம்."

ஜாகிர் தரையைப் பார்த்தான். "போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கு டாக்டர். இன்னிக்கு மத்தியானம்தான் அவங்க வீட்டுக்கு ஆள் வந்துட்டுப் போனாரு. கேஸுன்னு ஆயிட்டா அவனுக்குப் பாஸ்போர்ட் வராது."

இந்த இடத்தில் என்னால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. "தம்பி, ஆஸ்பத்திரிப் பதிவு வேற, எஃப்.ஐ.ஆர். வேற. பாஸ்போர்ட்டுக்கு நிலுவை வழக்குதான் கணக்கு. விதியில தெளிவா இருக்கு" என்றேன்.

"நீங்க யாரு?"

"தாலுகா ஆபீஸ்ல துணை வட்டாட்சியரா இருந்தேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க அத்தா ஒரு பட்டா மாறுதலுக்கு உங்க ஆபீஸுக்கு நாலு வருஷம் நடந்தாரு. விதியில அதுவும் தெளிவாத்தான் இருந்துச்சாம்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். நான் குடுவையைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஜாகிரின் கையைப் பிடித்து, பாலமுருகனின் மார்பின் மேல் வைத்தார். "எண்ணு" என்றார். "உன் மூச்சையும் எண்ணு." ஜாகிர் எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தான். காலையிலிருந்து அது அவன் பையில்தான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. முந்தின ராத்திரி ஒரு சிநேகிதன் துபாய்க்குக் கிளம்பும் விருந்து. பிராந்தியோடு யாரோ மாத்திரையைப் போட்டுப் பார்க்கலாம் என்றான். காலையில் பாலாவை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. வெரிஃபிகேஷனுக்குப் போலீஸ்காரர் தெருவுக்கு வருகிற நாள். தூக்கிக்கொண்டு ரோட்டில் போனால் பார்த்துவிடுவார். அதனால் பம்ப்செட் கொட்டகைக்குள் படுக்க வைத்தார்கள். வாயைத் திறந்து எலுமிச்சம்பழச் சாறு ஊற்றினார்கள், மோர் ஊற்றினார்கள், மோட்டாரைப் போட்டுக் குழாய்க்கு அடியில் தலையைக் காட்டினார்கள்.

"அதுல பாதி நுரையீரலுக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். நினைவில்லாதவனுக்குத் தொண்டையில் காவல் இல்லை. வாயில் ஊற்றுவது எல்லாம் மூச்சுக் குழாய்க்கும் போகும். மாத்திரை மூச்சைக் குறைத்தது. மோர் நெஞ்சில் சளியாகக் கட்டியது. இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம்.

பையனின் அம்மா செல்வி ஓடி வந்தபோது அட்டை மேசை மேல் இருந்தது. மகனைப் பார்த்தாள், பிறகு அதைப் பார்த்தாள். "அது என் மாத்திரை" என்றாள். "அவரு போனதுலேந்து தூக்கம் வரலைன்னு எழுதிக் குடுத்தாங்க டாக்டர். சாமி மாடத்துல வச்சிருந்தேன்."

சரோஜா எழுந்து தன் முக்காலியை அவளிடம் தள்ளினாள்.

பையனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஜாகிர் வீட்டுக்குப் போகவில்லை. சரோஜா எனக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பாதி அவனுக்கும் செல்விக்கும் போயிற்று. ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டு வந்து விவரம் எழுதினார். தலைகீழாக எழுத்தைப் படிப்பது எனக்கு உத்தியோகத்தில் வந்த பழக்கம். 'தவறுதலாக மாத்திரை உட்கொண்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று ஷரா எழுதியிருந்தார். நல்ல மனிதர். வழக்கு இல்லை என்று ஜாகிரிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுப்பாரா சார்?" என்றான்.

பையன் பிழைத்தான். காய்ச்சல் இறங்கி, வார்டுக்குத் திரும்பி வந்து, எனக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு கிடந்தான். என் கிரியாட்டினின் இறங்கியது. வீடு திரும்பும் அன்று மங்கை டாக்டர் என்னிடம் வந்து, "சார், நீங்க மனு எழுதுறதுல கெட்டிக்காரர்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அந்தப் பசங்க ஸ்கூல்ல நான் ஒரு மணி நேரம் பேசணும். ஏற்பாடு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார்.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு வியர்த்துவிட்டது. "போதைன்னு போர்டுல எழுதினா, நம்ம ஸ்கூல்ல போதை இருக்குன்னு ஆயிடும் சார். மேல கேக்கணும்."

"மேல கேட்டா?"

"பதில் வராது."

நடைமுறை தெரிந்தவர்களுக்குள் பேச்சு வளராது. மழைக்காலக் காய்ச்சல் பற்றிய சுகாதாரச் சொற்பொழிவுக்கு மேலே கேட்க வேண்டியதில்லை என்று இருவருமாக முடிவுசெய்தோம். கரும்பலகையில் 'எலிக்காய்ச்சல் விழிப்புணர்வு' என்று எழுதியிருந்தார்கள். நான்தான் எலிக்காய்ச்சல். மேடையில் நிற்க வைத்து, என் குதிகால் வெடிப்பைக் காட்டச் சொன்னார்கள். பிளஸ் டூ மாணவர்கள் அறுவடை முடிந்த வயலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"குடிக்காதீங்கன்னு சொல்ல நான் வரலை" என்று ஆரம்பித்தார். "தொடாம இருக்கிறதுதான் நல்லது, அதுல சந்தேகம் இல்ல. அதைச் சொல்ல உங்க வீட்ல ஆள் இருக்காங்க. உங்கள்ல யாரும் செத்துடக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

வகுப்பு நிமிர்ந்தது.

சாராயமும் மாத்திரையும் தனித்தனியாகச் செய்கிற கெடுதல் வேறு, இரண்டும் சேர்ந்தால் செய்வது வேறு. ஒன்று தூங்க வைக்கும், இரண்டும் சேர்ந்தால் மூச்சை மறக்க வைக்கும் என்றார். வீட்டில் அம்மா போடும் மாத்திரை என்பதால் அது சாது இல்லை என்றார். விழுந்தவனை எழுப்பிப் பார், எழுந்திருக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி வெளியே போகட்டும், தனியாக விடாதே, உடனே தூக்கிக்கொண்டு வா, தின்ற மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு வா. பாலமுருகனைக் கூப்பிட்டு மேசையில் படுக்கச் சொன்னார். அவன் வெட்கத்தோடு படுத்தான். ஜாகிர் அவனை ஒருக்களித்துத் திருப்பிக் காட்டினான். "இப்ப நல்லாத் திருப்புறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பாலாவும் படுத்தபடியே சிரித்தான்.

"மோர் குடுத்தா இறங்காதா மேடம்?"

"இறங்காது. நெஞ்சுல ஏறும்."

"குளிப்பாட்டினா?"

"சளி புடிச்ச குடிகாரனா ஆவான்."

"ஆத்துல போய் முங்கினா மேடம்?"

"அப்ப எனக்கு வேலை இல்ல. வேற டாக்டர் இருக்காரு, பிரேதப் பரிசோதனைக்கு."

இந்த வகுப்பை நான் நடத்தியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதால் போலீஸ் கேஸ் ஆகாது, பாஸ்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"பாலாவுக்குப் பாஸ்போர்ட் வந்திருச்சா மேடம்?"

பாலமுருகன் மேசையிலிருந்து இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டான். பாஸ்போர்ட் வரவில்லை. விசாரிக்க வந்த உள்ளூர்ப் போலீஸ்காரர் டீக்கடையில் சேதி கேட்டு, அறிக்கையை எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வரும்" என்றேன்.

"எப்ப சார்?"

மணி அடித்தது. வெளியே வந்ததும் டாக்டர், "ஒரு மணி நேரம் நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு கேள்வில தொங்குது சார்" என்றார். "அந்தப் புத்தகம் வரலைன்னா, அடுத்தவனையும் கொட்டகையிலதான் போடுவானுங்க."

அன்றைக்கே எழுதினேன். காவல் நிலையத்துக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒன்று. விதியைச் சுட்டி, ஏட்டின் ஷராவைச் சுட்டி, பாலமுருகன் கையெழுத்துடன், பதிலுக்கு என் முகவரியோடு, ஒப்புதல் அட்டை இணைத்த பதிவுத் தபாலில். தபால் பெற்றதற்கான ஒப்புதல் அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. நினைவூட்டு எழுதினேன். நேரில் போனேன். "பார்த்து அனுப்புறோம் சார்" என்றார்கள். அதே வாக்கியத்தை நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்பதற்கு அது வேறு மாதிரி இருக்கிறது. தையில் அறுப்பு முடிந்தது, பங்குனியில் பரீட்சை முடிந்தது. செல்வி வாரம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்தில் நின்று சவூதிக்குப் பேசுவாள். பேசிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். "அவங்க அப்பா அங்க முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்காராம். எவ்வளவு நாள்னு கேக்குறாரு" என்பாள். "இப்பல்லாம் மாத்திரைய பீரோவுல வச்சுப் பூட்டிடுறேங்க."

சித்திரையில், கோயில் திருவிழா முடிந்த விடியலில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவனை மங்கை டாக்டரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வாயில் எதுவும் ஊற்றவில்லை. அட்டை கையில் இருந்தது. சீட்டில் எழுதிய பெயர் பொய், ஊரும் பொய்; நிஜ ஊர் பிறகுதான் தெரிந்தது.

"அப்பத் தோத்துட்டோமா?" என்று கேட்டேன்.

"பேர் பொய், மாத்திரை உண்மை" என்றார் டாக்டர். "பையன் அன்னிக்கு மத்தியானமே இட்லி கேட்டான். எனக்குப் போதும். ஆனா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம்ல?"

இன்னொரு நினைவூட்டு எழுதினேன்.

அந்த வருடம் ஆடிப் பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பில் மொண்டு ஊற்றிப் பெண்கள் பூசை செய்துகொண்டிருந்தார்கள். சரோஜாவும் செல்வியும் அங்கே இருந்தார்கள். நானும் பையன்கள் இருவரும் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். தபால்காரர் என்னைத் தேடிக்கொண்டு படித்துறைக்கே வந்துவிட்டார். காவல் துறையின் பழுப்பு உறை, உள்ளே ஒரு தாள். 'பார்வையில் கண்ட மனு தொடர்பாக, மனுதாரர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை எனவும், அதற்கான அறிக்கை உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது எனவும் தெரிவிக்கப்படுகிறது.' பாஸ்போர்ட் இனி வந்துவிடும். அதைத் தடுக்க இனி யாரிடமும் காகிதம் இல்லை.

செல்வி மஞ்சள் கையோடு அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாலமுருகன் இரண்டு தடவை படித்தான். ஜாகிர் ஒரே தடவைதான் படித்தான்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கவா சார்?"

"எதுக்கு?"

"கொட்டகையில ஒட்டுறதுக்கு. நாங்க சொன்னா நம்பமாட்டானுங்க. அரசாங்க முத்திரைய நம்புவானுங்க."

"பேரு இருக்கேடா. பேரை மறைச்சுட்டு ஒட்டு. அதுதான் முறை."

"எதுக்கு சார் மறைக்கணும்?" என்றான் பாலமுருகன். "எல்லாருக்கும் தெரியும். பேரு இருந்தாத்தான் நம்புவாங்க."

இதற்கு விதி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பேரை அடிக்க எடுத்த பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நகல் இப்போது பம்ப்செட் கொட்டகைக்குள், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், மோட்டார் போடுகிறவன் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் அச்சடித்த தேதி வேறு. அது எங்கோ ஒரு மேசையில் கையெழுத்தான நாள். அதை ஜாகிர் அடித்துவிட்டு, மேலே பச்சை மையில் எழுதியிருக்கிறான்: வந்தது, ஆடிப் பதினெட்டு.